வேலியோரத்து வாத்தியார்

அயர்லாந்தின் கதை – 9

இருபது பவுண்டு அபராதம், அதோடு மூன்று மாதம் சிறை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக ஒரு கத்தோலிக்கருக்கு 1695-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டனை இது. அவர் பொது இடத்தில் பள்ளி நடத்தக் கூடாது. ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்தும் சொல்லித்தரக் கூடாது. பெற்றோர் தம் பிள்ளையைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ படிக்க அனுப்பவும் கூடாது. 1709-இல் பிடி இன்னும் இறுகியது. கத்தோலிக்க வாத்தியாரைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பத்துப் பவுண்டு வெகுமதி என்று அறிவித்தார்கள். அந்தப் பத்துப் பவுண்டையும் அந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களிடமே வசூலித்துக் கொடுக்க வேண்டும். பிடிபட்ட வாத்தியாரை நாடு கடத்தலாம்.

1691-இல் லிமெரிக் நகரம் பணிந்ததையும், ஆயுதம் ஏந்தியவர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குக் கப்பலேறியதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ஊரில் மிஞ்சியவர்கள் உழவர்களும் கூலிகளும். நிலம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. எழுத்தும் கைக்கு எட்டாமல் போனால் இந்த மக்கள் இனி ஒருநாளும் தலைதூக்க மாட்டார்கள் என்று புராட்டஸ்டன்ட் ஆள்வோர் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பொய்யாக்கியதில் மன்னருக்கோ படைக்கோ பங்கில்லை. வாரம் ஒரு பென்னி கூலிக்கு வயல் வரப்பில் உட்கார்ந்து பாடம் சொன்ன வாத்தியார்கள்தாம் அதைச் செய்தார்கள்.

பள்ளி ஏன் வெட்டவெளிக்கு வந்தது என்பதற்கு விடை எளிது. வாத்தியாருக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரனுக்கும் ஆபத்து உண்டு. வேலியோரத்தில் நடந்தால் எந்த வீட்டின் பெயரும் வெளிவராது. வெயில் படும் பக்கமாக, காற்றுக்கு மறைவான வேலியோ மண்மேடோ பார்த்துப் பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். ஒரு பையனை மேட்டில் காவலுக்கு நிறுத்துவார்கள். அறிமுகமில்லாத ஆள் தூரத்தில் தெரிந்தால் அவன் சைகை காட்டுவான், பள்ளி கலைந்துவிடும். மறுநாள் வேறொரு வேலியோரத்தில் பாடம் தொடரும். குளிர்காலத்தில் வாத்தியார் ஒவ்வொரு வீடாகத் தங்கி, அந்தந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தபடி நாளைக் கடத்துவார். 1731-இல் பிரபுக்கள் சபைக்காக எடுத்த கணக்கில், அதிகாரிகளின் கண்ணில் பட்ட கத்தோலிக்கப் பள்ளிகளே ஐந்நூற்றுக்கு மேல் இருந்தன.

இந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதுகிற எவரும் இரண்டு விதமான சான்றுகளைக் கையில் எடுத்தாக வேண்டும். ஒன்று ஆட்சியாளர்களின் விசாரணை அறிக்கை. மற்றொன்று ஊர்க்காரர்களின் நினைவு. இரண்டாவது நமக்குக் கிடைத்ததே ஒரு தனிக் கதை.

1937-இல், சுதந்திர அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. சேமாஸ் ஓ டுலார்கா அதன் தலைவர். சான் ஓ சூலிவான் என்ற முன்னாள் ஆசிரியர் அங்கே ஆவணக் காப்பாளர். ஊர் ஊராய் ஆள் அனுப்பப் பணம் இல்லை. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் ஒத்துழைத்தன. கட்டுரை எழுதும் நேரத்தில், பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டுக் கிழவரிடமும் கேட்டுவந்ததை நோட்டில் எழுத வேண்டும். என்னென்ன கேட்பது என்று ஓ சூலிவான் ஒரு கையேடு எழுதிக்கொடுத்தார். புதையல், பேய், மூலிகை, பஞ்சம், திருமணம் என்று நீண்ட தலைப்புகளில் ‘பழைய பள்ளிகள்’ என்பதும் ஒன்று. சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். மொத்தம் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்தில் ஒரு நாடு தன் நினைவை எழுதிவைத்ததற்கு இதைவிடப் பெரிய சான்று எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

‘பழைய பள்ளிகள்’ பற்றிய பக்கங்களைப் புரட்டினால், ஒரு மாவட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லாத ஊர்களில் ஒரே விவரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளி நடந்த இடம் ஒரு களஞ்சியம், அல்லது ஆட்டுக்கொட்டில், அல்லது இடிந்த வீட்டின் ஒரு மூலை. கல்லின்மேலும் வைக்கோல் மேலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் கரிமண் கட்டியை ஒவ்வொரு பிள்ளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் அன்றைக்குப் பள்ளி அடுப்புக்கு விறகு. எழுதுகோல் வாத்தின் இறகு. சிலேட்டு இல்லாதவன் பலகைக்கல்லில் சுண்ணாம்புக்கல்லால் எழுதினான். சம்பளமாகப் பென்னி கொடுத்தவர்கள் உண்டு. வெண்ணெயும் முட்டையும் கரிமண்ணும் கொடுத்தவர்கள் உண்டு. வாத்தியார் வெளியூர்க்காரரானால் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் தங்கினார். அவர் தங்கும் இரவில் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். அவர் செய்தித்தாள் வாசிப்பார், கடிதம் எழுதிக்கொடுப்பார், கதை சொல்வார். வாத்தியாரின் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வயலின் மூலையில் பள்ளி இருந்தது என்பதெல்லாம் ஊருக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர் கைப்பிரம்பு எந்த மரத்தில் வெட்டியது என்பதுகூட நினைவிருக்கிறது. அன்பான வாத்தியாரைப் போலவே குடிகார வாத்தியாரையும், காது திருகிய வாத்தியாரையும் ஊர் மறக்கவில்லை.

இந்த நினைவுகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1937-இல் எழுபத்தைந்து வயதான ஒரு பாட்டி பிறந்தது 1862-ஐ ஒட்டி. பள்ளித் தடைச் சட்டம் தளர்ந்ததோ 1782-இல். அந்த ஆண்டு முதல், புராட்டஸ்டன்ட் ஆயரிடம் உரிமம் வாங்கிக் கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாம் என்றார்கள். பத்தாண்டுக்குப் பிறகு அந்த உரிமமும் தேவையில்லை என்றாயிற்று. பள்ளிகள் வேலியோரத்தை விட்டு மண் குடிசைக்குள் போய்விட்டன; ‘வேலியோரப் பள்ளி’ என்ற பெயர் மட்டும் பழையபடியே நின்றது. ஆக, அந்தப் பாட்டியின் அப்பாவோ தாத்தாவோ படித்தது பெரும்பாலும் ஒளிந்து நடந்த பள்ளியில் அல்ல, சட்டம் அனுமதித்த மண் குடிசைப் பள்ளியில். ஆனாலும் சிப்பாய்க்குப் பயந்து பிள்ளைகள் ஓடிய கதை அந்தப் பள்ளிகளின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நூறு ஆண்டு இடைவெளியை ஊர் நினைவு ஒரே காலமாக மடித்து வைத்துவிட்டது. இதனால் அந்த நினைவின் மதிப்பு குறைந்துவிடவில்லை. காலக்கணக்குக்கு அதை நம்பக் கூடாது. அடுப்பையும் கூலியையும் பிரம்பையும் பற்றி நம்பலாம். அந்த விவரங்கள் எந்த அதிகாரிக்கும் தேவைப்படவில்லை.

அதிகாரிகளின் பார்வை எப்படி இருந்தது? 1820-களில் அமைந்த ஐரிஷ் கல்வி விசாரணைக் குழு நாடு முழுவதும் உள்ள பள்ளிகளை எண்ணியது. 1824 கணக்குப்படி மொத்தப் பள்ளிகள் 11,823. அவற்றில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை, பெற்றோர் காசு கொடுத்து நடந்த இந்த வகைப் பள்ளிகள். அவற்றில் படித்த பிள்ளைகள் ஏறக்குறைய நான்கு லட்சம். அரசு ஒரு பென்னி கொடுக்கவில்லை. வருமானம் வரும் திருச்சபை ஒன்றும் தரவில்லை. உருளைக்கிழங்கும் மோரும் தின்று வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் வாய்க்குப் போனதில் மிச்சம் பிடித்து நான்கு லட்சம் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. விசாரணைக் குழுவின் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே வாத்தியாரின் பெயர், மதம், ஆண்டு வருமானம், கட்டடத்தின் நிலை எல்லாம் உண்டு. கட்டட நிலைக்கு எதிரே ‘மண் குடிசை’ என்ற விவரம் பக்கம் பக்கமாக ஓடுகிறது.

குழுவை அதிகம் திடுக்கிடவைத்தது புத்தகங்கள். பாடநூல் என்று ஒன்று கிடையாது. வீட்டில் எது இருக்கிறதோ, சந்தையில் சில்லறைக்கு எது கிடைத்ததோ அதுதான் பாடநூல். ராபின்சன் குரூசோ ஒரு பிள்ளை கையில். வீரர் கதை இன்னொன்றின் கையில். கில்கென்னிப் பக்கத்துக் கொள்ளைக்காரன் ஜேம்ஸ் ஃப்ரேனி தானே எழுதிய தன்வரலாறு மூன்றாவதன் கையில். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் பாடத்தை ஒரே நேரத்தில் உரக்கப் படிப்பார்கள். வாத்தியார் ஒவ்வொருவராய் அழைத்துக் கேட்பார். கொள்ளைக்காரன் கதை படிக்கும் பிள்ளை நாளை கொள்ளைக்காரன் ஆகும் என்று ஆணையர்கள் பயந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் பிடிப்பு வந்ததே ஃப்ரேனி குதிரையேறித் தப்பிய கதையால்தான் என்று நான் நினைக்கிறேன். வோஸ்டரின் கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் கூடவே இருந்தது. நிலம் அளக்கவும் வட்டி போடவும் கற்றுத்தந்த வாத்தியாருக்குத்தான் ஊரில் மதிப்பு.

இனி வாத்தியார்களிடம் வருவோம். அவர்களில் பலர் கவிஞர்கள். மூத்த குலத்தலைவர்கள் வீழ்ந்தபின் கவிஞர்களைப் புரக்க ஆளில்லை. பாடம் சொல்லிப் பிழைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கெர்ரி மாவட்டத்தின் ஷ்லீவ் லூக்ரா மலைப்பகுதியில் 1748-இல் பிறந்தவர் ஓவன் ருவா ஓ சூலிவான். பதினெட்டு வயதில் நீவ்கில்லாவில் பள்ளி திறந்தார். அது நிலைக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூலி வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தார். ஃபெர்மாய் அருகே நேகிள் குடும்பத்தின் பண்ணையில் அவர் கூலியாய் இருந்தபோது நடந்ததாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வீட்டம்மாளுக்கு ஒரு முக்கியமான கடிதம் எழுதித்தர ஆள் வேண்டியிருந்ததாம். கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கூலியாள் தானே எழுதித்தருவதாகச் சொல்லி, ஐரிஷ், ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம் ஆகிய நான்கு மொழிகளில் எழுதி நீட்டினாராம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் வாத்தியாராய் இருந்தது உண்மை. பிறகு அங்கிருந்தும் வெளியேற நேர்ந்து, பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1782 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் தளபதி ராட்னி பிரெஞ்சுக் கப்பற்படையை வென்ற போரில் அவர் இருந்தார். அந்த வெற்றியைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதி, விடுதலை கேட்டார். கொடுக்கவில்லை. 1784-இல் ஒருவழியாக ஊர் திரும்பி, நாக்நக்ரீயில் மறுபடி பள்ளி திறந்தார். பள்ளி திறக்கும் செய்தியை ஞாயிறு பூசையில் அறிவிக்கும்படி பங்குத்தந்தைக்குப் பாட்டாகவே எழுதி வேண்டினார். சில வாரங்கள்தாம். சாராயக்கடையில் ஒரு பெரிய வீட்டு வேலையாட்களோடு வந்த சண்டையில் தலையில் அடிபட்டு, காய்ச்சல் கண்டு, முப்பத்தாறு வயதில் இறந்தார். அவர் பாட்டுகள் அச்சேறியதற்கு நெடுநாள் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவற்றை வாய்வழியாகக் காப்பாற்றிவிட்டார்கள்.

கிளேர் மாவட்டத்து பிரையன் மெரிமன் வேறு மாதிரி மனிதர். ஃபீக்கல் பக்கத்தில் பள்ளி நடத்திக்கொண்டே சிறு நிலத்தில் பயிர் செய்தார். சணல் விளைச்சலுக்குப் பரிசும் வாங்கினார். ஆயிரம் வரிக்கு மேல் நீளும் ஒரே ஒரு பெரிய கவிதை எழுதினார். ‘நள்ளிரவு நீதிமன்றம்’ என்ற அந்தப் படைப்பில் பெண்கள் வழக்காடி, கல்யாணத்துக்குத் தயங்கும் ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். 1805-இல் லிமெரிக்கில் அவர் இறந்தபோது செய்தித்தாள் அவரைக் கணித ஆசிரியர் என்று மட்டும் குறிப்பிட்டது.

வடக்கே ஆர்மா மாவட்டத்தின் ஃபோர்க்ஹில்லில் பள்ளி வைத்திருந்தவர் கவிஞர் பெடர் ஓ டோர்னின். 1769-இல் பள்ளியில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போயிற்று என்றும், வாத்தியார் தூங்குகிறார் என்று பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள் என்றும் அந்த ஊர் சொல்கிறது. 1937-இன் பெருந்தொகுப்பில் ஃபோர்க்ஹில் பிள்ளைகளின் நோட்டுகள் இல்லை. எல்லை பிரிந்தபின் ஆர்மா வட அயர்லாந்துக்குள் போய்விட்டது. ஆணையத்தின் திட்டம் தெற்கின் 26 மாவட்டங்களோடு நின்றது. வடக்கு ஊர்களின் நினைவு வேறு கைகள் வழியாகத்தான் நமக்கு வந்தது.

அவற்றில் பெரிய கை வில்லியம் கார்ல்டனுடையது. டிரோன் மாவட்டத்தில் கிளாகர் அருகே 1794-இல் பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளை. பாட் ஃப்ரேன் என்ற வாத்தியாரிடம் படித்தார். சாலையோர மண்மேட்டைக் குடைந்து அதன்மேல் கூரை போட்ட பள்ளி எப்படி இருக்கும் என்று நமக்குக் கண்ணுக்கு முன்னால் காட்டியவர் அவர். லத்தீன் கற்கத் தெற்கே மன்ஸ்டர் நோக்கி நடந்து போகும் ஏழை மாணவனுக்கு வழிநெடுக ஊர்கள் சோறும் படுக்கையும் கொடுத்த வழக்கத்தையும் அவர்தான் விரிவாக எழுதினார். தானும் அப்படிப் புறப்பட்டு, கிரனார்டில் ஒரு கெட்ட கனவு கண்டு அஞ்சித் திரும்பியவர் அவர். 1830-இல் வந்த அவருடைய கதைத் தொகுதியில், நல்ல வாத்தியார் கிடைக்காத ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர் வாத்தியாருக்குக் குடிக்க ஊற்றி, தூக்கிக்கொண்டு வந்து தங்கள் ஊரில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கார்ல்டன் அதற்குள் மதம் மாறியிருந்தார். அவர் எழுதியது பெரும்பாலும் டப்ளினின் புராட்டஸ்டன்ட் வாசகர்களுக்காக. அவர் வரைந்த குடிகார வாத்தியாரைப் பார்த்துச் சிரித்த தலைமுறைகள், அந்தக் குடிசையிலிருந்துதான் கார்ல்டன் என்ற எழுத்தாளர் வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

பெரிய மனிதர்கள் சிலரின் முதல் எழுத்தும் இந்த வாத்தியார்களிடம்தான். கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓகானல் நான்கு வயதில் அகரவரிசை கற்றது கெர்ரிப் பக்கம் சுற்றிவந்த ஒரு வாத்தியாரிடம். அந்த வாத்தியார் குழந்தையை மடியில் வைத்து, வலிக்காமல் தலை வாரிவிட்டாராம். அந்தப் பிரியத்தில் ஒன்றரை மணி நேரத்தில் எழுத்துகளைக் கற்றுவிட்டதாக ஓகானல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எட்மண்ட் பர்க் சிறுவயதில் உடல்நலம் குன்றியிருந்ததால், கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் பள்ளத்தாக்கில் இருந்த தாய்வழி நேகிள் உறவினரிடம் அனுப்பப்பட்டார். அங்கே மனானிமி என்ற இடிந்த கோட்டையில் ஓஹலோரன் என்பவர் நடத்திய பள்ளியில் படித்தார். இதே பர்க்தான் 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன் பற்றி நீண்ட உரை நிகழ்த்தி, கர்நாடகப் பகுதி சூறையாடப்பட்டதையும் அதன் ஏரிகள் தூர்ந்ததையும் எடுத்துச் சொன்னவர். தாய்வழி உறவினரின் நிலமும் மதமும் சட்டத்தால் நெரிக்கப்பட்டதைச் சிறுவயதிலேயே பார்த்தவருக்கு, தொலைதூர உழவனின் துன்பம் விளங்கியதில் வியப்பில்லை.

இனிச் சொல்லப்போவது, அயர்லாந்தில் இன்றும் பேசுவதற்குக் கடினமான பகுதி.

இந்தப் பள்ளிகள் ஐரிஷ் மொழியைக் காத்த கோட்டைகள் என்ற ஒரு சித்திரம் உண்டு. வாத்தியார்கள் ஐரிஷ் மொழியின் பெருங்கவிஞர்கள் என்பதால் அது நம்பும்படியாகவும் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெற்றோர் காசு கொடுத்தது பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு. நீதிமன்றம் ஆங்கிலத்தில், சந்தைக் கணக்கு ஆங்கிலத்தில், குத்தகைப் பத்திரம் ஆங்கிலத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினாலும் ஆங்கிலம். ஊர் நினைவில் அடிக்கடி வரும் ஒரு பொருள், பிள்ளையின் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு குச்சி. ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு கீறல் போடுவார்கள். மாலையில் கீறல்களை எண்ணி அத்தனை அடி. வீட்டில் கீறல் போட்டது பல நேரங்களில் பெற்றவர்களே. மேயோ மாவட்டத்தின் லஹர்தானில் வேலியோரப் பள்ளியில் படித்த ஜான் மக்ஹேல் பின்னாளில் டுவாம் பேராயரானார். ஹோமரின் இலியத்தின் ஒரு பகுதியை ஐரிஷுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவரும் இந்தக் குச்சிக்குத் தப்பவில்லை. இரவில் ஐரிஷ் கவிதை புனைந்த வாத்தியார் பகலில் ஐரிஷ் பேசிய பிள்ளையை அடித்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று பெற்றவர்கள் கேட்டதை அவர் விற்றார். ஆனால் அந்தக் குச்சியை விட்டுவிட்டு வேலியையும் வெயிலையும் மட்டும் நினைவுகூர்வது நேர்மையாகாது. 1937-இல் கிழவர்கள் அதை மறைக்காமல் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகளும் மறைக்காமல் எழுதினார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. கில்கென்னி மாவட்டத்துக் காலன் ஊரில் வாத்தியாராகவும் கடைக்காரராகவும் இருந்த ஹம்ஃப்ரி ஓ சூலிவான் 1827 முதல் 1835 வரை ஐரிஷ் மொழியில் நாட்குறிப்பு எழுதினார். அவர் தந்தையும் வாத்தியார்தான். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, சில நாட்களிலேயே பள்ளிக் குடிசை கட்டிய காலத்தை அவர் அந்த நாட்குறிப்பில் நினைவுகூர்கிறார். பறவை, பயிர், வானிலை, கஞ்சிக்கு வழியில்லாத வேனில் மாதங்கள் என்று அன்றாடத்தை அவர் எழுதிவைத்த காலத்திலேயே அவருடைய தொழிலுக்கு முடிவு வந்துகொண்டிருந்தது.

1831-இல் அயர்லாந்தின் தலைமைச் செயலர் ஸ்டான்லி, லீன்ஸ்டர் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தின் வழியாக தேசியப் பள்ளித் திட்டம் பிறந்தது. கட்டடத்துக்கு அரசுப் பணம், அச்சிட்ட பாடநூல், மேற்பார்வையாளர், எல்லா மதப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பு. பாடத்திட்டத்தில் ஐரிஷுக்கு இடமில்லை. கூடுதல் பாடமாக அது நுழையவே 1870-களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டுக்கூரையும் சன்னலும் உள்ள பள்ளி பக்கத்தில் வந்ததும் பிள்ளைகள் அங்கே போனார்கள். வேலியோர வாத்தியார்களில் சிலர் புதிய பள்ளியில் வேலை வாங்கிக்கொண்டார்கள். வயதானவர்களையும் சந்தேகத்துக்கு உரியவர்களையும் யாரும் சேர்க்கவில்லை. நிலச்சுவான்தாருக்கு இரவில் வந்த மிரட்டல் கடிதங்களில் கையெழுத்து அழகாக இருந்தால், முதலில் சந்தேகம் போனது இவர்கள் மேல்தானே.

1841 குடிக்கணக்கில் முதன்முறையாக எழுத்தறிவைக் கேட்டபோது, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். தேசியப் பள்ளிக்கு அப்போது பத்து வயது. அந்தப் பாதியில் நடுவயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலோர் அதற்கு முந்தைய வாத்தியார்களின் மாணவர்கள்.

அதன் பிறகும் மலைப்பகுதிகளில் இந்தப் பள்ளிகள் ஆங்காங்கே நடந்தன. வாத்தியாருக்குப் போன பென்னியும் வெண்ணெயும், குடும்பம் உருளைக்கிழங்கைத் தின்று மற்றதை விற்றதில் மிஞ்சியவை. 1845 செப்டம்பரில் அந்த உருளைக்கிழங்குச் செடிகளில் கருப்புப் புள்ளிகள் தோன்றின.

(தொடரும்)